பிரெஞ்சுக் கிராமத்து ஷாத்தோவில் கல்யாணம்: முன்பணம் கட்டும் முன்

ஷாத்தோ என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் கோட்டை என்றே எழுதுகிறோம். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அகழியும் கொத்தளமும் உள்ள நிஜக் கோட்டையை அவர்கள் ஷாத்தோ ஃபோர் என்பார்கள். வெறும் ஷாத்தோ என்றால் அநேகமாக ஒரு பிரபுக் குடும்பம் குடியிருந்த பெரிய வீடு. போர்தோ பக்கம் போனால் திராட்சைத் தோட்டத்து நடுவே நிற்கும் பண்ணை வீடுகூட அந்தப் பெயரைச் சூடிக்கொண்டிருக்கும். 2004-இல் லட்சுமி மித்தல் தன் மகள் கல்யாணத்தை நடத்திய வோ-ல-விகோம்த் போன்ற இடங்கள் வேறு ரகம். அங்கே நிரந்தரப் பணியாளர்கள், பெரிய நிகழ்ச்சிகளுக்கான வசதி எல்லாம் உண்டு. லுவார் பள்ளத்தாக்கிலோ தொர்தோஞிலோ வார இறுதிக்கு வாடகைக்கு வருவது வீடு. பதினைந்து பேர் வாழக் கட்டிய வீட்டில் நூற்றிருபது பேரைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, ஆட வைக்கப் போகிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் எல்லாம் தானாகப் புரியும்.

சட்டம் மேரியில், சடங்கு மாளிகையில்

பிரான்சில் சட்டப்படியான திருமணத்தை மேயரோ அவரது துணை மேயரோதான் நடத்த முடியும், அதுவும் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில். 1792-இல் புரட்சி அரசு திருமணப் பதிவைத் தேவாலயத்தின் கையிலிருந்து எடுத்ததிலிருந்து இதுதான் நிலை. ஷாத்தோவின் ரோஜாத் தோட்டத்தில் என்ன மந்திரம் சொன்னாலும், எந்த மோதிரம் மாற்றினாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒரு விருந்து மட்டுமே.

மேரியில் பதிய வேண்டுமென்றால் மணமக்களில் ஒருவராவது, அல்லது அவர்களது பெற்றோரில் ஒருவராவது, அந்த ஊரில் வசிப்பவராக இருக்க வேண்டும். தற்காலிகமாகத் தங்குபவர் என்றால் அறிவிப்பு ஒட்டப்படும் நாளுக்கு முன் குறைந்தது ஒரு மாதம் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு அறிவிப்பு 10 நாள் பலகையில் இருக்கும். ஆக, எல்லாம் சரியாகப் போனாலே 40 நாள். அதோடு வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ் 6 மாதத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தை உறுதிசெய்யும் அப்போஸ்தில் முத்திரை, பிரெஞ்சு நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சாக்கம், திருமணமாகாதவர் என்ற சான்று, சொந்த நாட்டுத் திருமணச் சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கான 'செர்த்திஃபிகா த கூத்யூம்' என்று கட்டு நீளும். எந்த மேரி எதைக் கேட்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். வெளிநாட்டிலிருந்து வரும் பெரும்பாலான ஜோடிகள் ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு, பிரான்சில் சடங்கு மட்டும் நடத்துவது இதனால்தான். அதுவே புத்திசாலித்தனம்.

கத்தோலிக்க முறைப்படி நடத்த நினைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் முடிச்சு. சிவில் திருமணச் சான்றைப் பார்க்காமல் வழக்கமாக மதத் திருமணம் நடத்திவைக்கும் குருவுக்கு 6 மாதச் சிறை, 7,500 யூரோ அபராதம் வரை பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தில் இடமுண்டு. அதனால் பதிவுச் சான்றை முதலில் கேட்பார். இன்னொன்று: ஷாத்தோ வளாகத்தில் அழகான சிற்றாலயம் இருக்கிறது என்பதற்காக அங்கே பூசை நடந்துவிடாது. கல்யாணம் பங்குக் கோவிலில் நடக்க வேண்டும் என்பதே விதி. வேறிடத்துக்கு மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். சிற்றாலயத்தைக் காட்டி விலை சொல்லும் உரிமையாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மாதமும் வெளிச்சமும்

மே முதல் செப்டம்பர் வரை பருவம். இதில் மே மாதம் ஏமாற்றும். 1, 8, விண்ணேற்ற வியாழன், சில ஆண்டுகளில் பெந்தகோஸ்து திங்கள் என விடுமுறைகள் வரிசைகட்டும். நீண்ட வார இறுதிகளில் ரயில் இடமும் விடுதி அறையும் கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் நடுவில் கைவினைஞர்கள், சிறு கடைகள், சில சமையல் நிறுவனங்கள்கூட விடுமுறையில் இருக்கும். போதாததற்கு வெப்ப அலை. தடித்த கல்சுவர் முதல் இரண்டு நாள் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அதற்குப் பிறகு அதே சுவர் இரவெல்லாம் சூட்டைத் திருப்பித் தரும். ஏசி இருக்கும் ஷாத்தோக்கள் குறைவு.

செப்டம்பர் நடுவிலிருந்து வெயில் இதமாகும், ஆனால் பெரும்பாலான மாவட்டங்களில் வேட்டைப் பருவம் திறந்துவிடும். காட்டை ஒட்டிய இடமென்றால், குறிப்பாக சொலோஞ் போன்ற பகுதிகளில், ஞாயிறு காலை உணவின்போது துப்பாக்கிச் சத்தம் கேட்கும். விருந்தினர்கள் காட்டுப் பாதையில் நடக்கக் கிளம்பும் முன் எந்தெந்த நாளில் வேட்டை என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சூரியன் மறையும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லுவார் பள்ளத்தாக்கிலுள்ள தூர் நகரத்தைச் சுற்றி ஜூன் கடைசியில் அது இரவு 10 மணி வாக்கில் மறைகிறது. செப்டம்பர் கடைசியில் 7:45 வாக்கில். ஜூனில் வாணவேடிக்கை வைத்தால் வானம் கறுப்பாவதற்கே 10:45 ஆகிவிடும். சீரியல் விளக்குத் தோரணத்துக்குக் கொடுத்த காசின் பலன் சாப்பாடு பாதி முடிந்த பிறகுதான் கண்ணில் படும். மாலை 3 மணிச் சடங்கென்றால் உச்சி வெயில்தான். அங்கே கோடையில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 2 மணி சுமாருக்கு. 4:30-க்கு முன் வைக்காதீர்கள். சடங்கு நடக்கும் இடத்துக்கு அதே மாதத்தில், அதே நேரத்தில் போய் நின்று வெயில் யார் முகத்தில் அடிக்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வழி. போக முடியாவிட்டால் அந்த நேரத்தில் எடுத்த வீடியோவை அனுப்பச் சொல்லலாம்.

சுவருக்குப் பின்னால்

இணையத்தில் ஷாத்தோ தேடுபவர்கள் முகப்பைப் பார்க்கிறார்கள். நேரில் போகும்போது மின்பெட்டி, கீசர், கழிப்பறை, வாசல் தூண் ஆகிய நான்கையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு நடனக்கூடத்துக்குப் போங்கள்.

மின்சாரம். கிராமத்து ஷாத்தோ பலவற்றின் இணைப்பு 36 கேவிஏ (சுமாராக 36 கிலோவாட்) அல்லது அதற்கும் கீழே. சமையல்காரரின் சூடாக்கும் அடுப்பு இரண்டு சேர்ந்தே 20 கிலோவாட் இழுக்கும். குளிர்சாதன வண்டிக்கு 3, காபி இயந்திரங்களுக்கு 6, டிஜேவின் ஒலி ஒளிக்கு 5, மேலே அறைகளில் நான்கைந்து கீசர் ஒரே நேரத்தில் ஓடினால் 10. கூட்டினால் 44. முக்கிய உணவு சூடாகிக்கொண்டிருக்கும் வேளையில் மாளிகை முழுக்க இருட்டாவது இந்தக் கூட்டல் கணக்கால்தான். சுவரிலுள்ள சாதாரண பிளக் 16 ஆம்பியர், அதாவது 3.7 கிலோவாட்டுக்கு மேல் தாங்காது. சமையல்காரருக்கு 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் பிளக் தேவை. அது 22 கிலோவாட் தரும். அது எங்கே இருக்கிறது, சமைக்கும் இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். உரிமையாளர் தடுமாறினால் ஜெனரேட்டர் வாடகையைப் பட்ஜெட்டில் இப்போதே எழுதிவிடலாம். சத்தம் அடக்கிய வகை, ஒரு டேங்க் டீசலில் எத்தனை மணி நேரம் ஓடும், நள்ளிரவில் யார் நிரப்புவது என்பதையும் சேர்த்து.

வெந்நீர். 300 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் இருக்கும் நீரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால் குளிக்கும் சூட்டில் ஏறக்குறைய 540 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு 50 லிட்டர் என்றால் பத்துப் பேர். பதினோராவது ஆள் மணப்பெண்ணாக இருக்கக் கூடாது. பல இடங்களில் கீசர் இரவு நேர மலிவுக் கட்டணத்துக்கு ஏற்ப இரவில் மட்டுமே சூடாகும்படி அமைத்திருப்பார்கள். வார இறுதிக்கு அதைத் தொடர் ஓட்டத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

கழிப்பறையும் அதே கதைதான். கிராமங்களில் பொதுச் சாக்கடை வராத வீடு அதிகம். செப்டிக் டேங்க் அந்த வீட்டின் அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளவெடுத்தது. நூறு பேர் ஒரே இரவில் பயன்படுத்தினால் சனிக்கிழமை நள்ளிரவில் அது தன் கருத்தைச் சொல்லும். வண்டியில் வரும் நல்ல ரகக் கழிப்பறையை வாடகைக்கு எடுங்கள். ஐம்பது பேருக்குக் குறைந்தது இரண்டு இருக்கட்டும். அதற்கும் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வாசல். ஒரு பேருந்தின் அகலம் 2.55 மீட்டர், கண்ணாடிகளைச் சேர்த்தால் 3 மீட்டருக்குப் பக்கம். நீளம் 12 மீட்டருக்கு மேல். குதிரை வண்டிக்காகக் கட்டிய தூண்களுக்கிடையே அது நேராக நுழைந்தாலும், வளைந்து நுழைய முடியாது. அப்படியென்றால் எல்லோரும் சாலையிலேயே இறங்கி, இருபுறமும் மரம் நிற்கும் 600 மீட்டர் சரளைப் பாதையில் ஹீல்ஸோடு நடக்க வேண்டும். பந்தல் ஏற்றி வரும் லாரிக்கும் இதே கேள்வி.

மழைக்கான மாற்று இடத்தைப் பற்றிக் கேட்டால் உரிமையாளர் ஒரு கூடத்தைக் காட்டிச் சிரிப்பார். மீட்டர் டேப்பை எடுங்கள். உட்கார்ந்து சாப்பிட ஒருவருக்கு 1.2 முதல் 1.5 சதுர மீட்டர் வேண்டும். 120 பேருக்கு 144-இலிருந்து 180 வரை, ஆடும் இடம் தனி. பல ஷாத்தோக்களில் அது ஒரே கூடமாக இருக்காது, கதவால் இணைந்த மூன்று வரவேற்பறைகளாக இருக்கும். அப்போது மூன்றில் ஒரு பகுதி விருந்தினர்தான் மணமக்களைப் பார்ப்பார்கள். எலுமிச்சை மரங்களைக் குளிர்காலத்தில் வைக்கக் கட்டிய ஒராஞ்செரி இருந்தால் அதிர்ஷ்டம். நீளமானது, கண்ணாடிச் சன்னல்கள் உள்ளது, தோட்டத்தைப் பார்த்தது. பரப்பு போதும் என்றாலும் பொதுமக்கள் கூடும் கட்டடம் என்ற முறையில் எத்தனை பேருக்கு அனுமதி என்ற எண் ஒன்று உண்டு. அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தீ விபத்தென்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அகழிக்குத் தடுப்புக் கம்பி கிடையாது. குழந்தைகள் வருகிறார்கள் என்றால் சாயங்காலம் முழுக்கக் கவனிக்க ஆள் வேண்டும். மேல் மாடிக்குக் கல் சுருள் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. பாட்டி தாத்தாவுக்குத் தரைத்தள அறை இருக்கிறதா என்பதை அறைப் பங்கீட்டின் முதல் வரியாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் நினைவுச் சின்னப் பட்டியலில் இருந்தால் சுவரில் ஆணி, ஒட்டுநாடா, தரையில் எரியும் மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் பூத்தூவல் எதுவும் நடக்காது. அலங்காரக்காரர் தானே நிற்கும் சட்டகங்களோடு வர வேண்டியிருக்கும்.

ஆர், அக்கோம்ப்த்

இரண்டுக்கும் தமிழில் முன்பணம் என்றுதான் சொல்வோம். பிரெஞ்சுச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. 'ஆர்' கொடுத்திருந்தால் நீங்கள் விலகலாம், கொடுத்த பணம் போகும். உரிமையாளர் விலகினால் இரண்டு மடங்கு திருப்பித் தர வேண்டும். 'அக்கோம்ப்த்' என்றால் இரு தரப்பும் கட்டுண்டவர்கள். நீங்கள் விலகினாலும் மீதித் தொகையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடாவிட்டால் நுகர்வோருக்கு அது 'ஆர்' என்றே கொள்ளப்படும். அதனால்தான் கிட்டத்தட்ட எல்லா ஷாத்தோ ஒப்பந்தத்திலும் அக்கோம்ப்த் என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். தேதி குறித்த தங்கல், விருந்து போன்ற சேவைகளுக்கு, இணையம் வழி கையெழுத்திட்டாலும், 14 நாள் மனம் மாறும் உரிமை பொருந்தாது.

அடுத்தது விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்து. 'ஆஷ் தே' என்றால் வரி சேராத விலை. 'தே தே சே' என்றால் எல்லா வரியும் சேர்ந்தது. சமையல் நிறுவனங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் பெரிய எழுத்தில் போடும். உணவுக்கு வரி 10 சதவீதம், மதுவுக்கு 20. தலைக்கு உணவு 110, மது 20, ஆக 130 யூரோ என்று படித்தது உண்மையில் 145. நூறு பேருக்கு 1,500 யூரோ வித்தியாசம், ஒரு எழுத்தைக் கவனிக்காததால்.

ஷாத்தோ வாடகை எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒற்றை எண் சொல்ல முடியாது. வார இறுதிக்கு 5,000 யூரோவிலும் உண்டு, 20,000-ஐத் தாண்டியும் உண்டு. அதைவிட முக்கியம் அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்பது. வெறும் சுவர்தான் வாடகைக்கு என்றால் நாற்காலி, மேசை, தட்டு, மேசைவிரிப்பு, படுக்கை விரிப்பு, துப்புரவு, வெப்பமூட்டல் எல்லாம் தனி. தலைக்குத் தலை, இரவுக்கு இரவு என்று ஊராட்சி வசூலிக்கும் தங்கல் வரியும் தனி. உங்கள் மதுவை நீங்களே கொண்டுவந்தால் புட்டிக்கு இவ்வளவு என்று 'த்ருவா த பூஷோன்', அதாவது கார்க் திறக்கும் கட்டணம் கேட்பார்கள். ஷாத்தோவும் கேட்கலாம், சமையல்காரரும் கேட்கலாம். இருவரும் கேட்டால் பேசிக் குறைக்க இடம் உண்டு.

எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதையும் பாருங்கள். சனி காலை 10 மணிக்குத்தான் சாவி என்றால் அன்று மாலைச் சடங்குக்குள் பூ, பந்தல், ஒலி எல்லாம் அமைக்க முடியாது. வெள்ளி பிற்பகல் 2 மணிக்குள் உள்ளே போக வேண்டும். பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். பிரான்சில் வசிப்பவர்களுக்கு அது பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டோடு வந்துவிடும், வெளிநாட்டவர் அந்த நிகழ்ச்சிக்கென்று தனியாக வாங்க வேண்டும். இடம், தேதி, நபர் எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கட்டும்.

த்ரெத்தேர்

ஷாத்தோ உரிமையாளர் த்ரெத்தேர் எனப்படும் சமையல் நிறுவனங்கள் நான்கைந்தின் பட்டியலை நீட்டி, இவர்களில் ஒருவர்தான் என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் மின்பெட்டியும் குறுகிய பின்கதவும் அவர்களுக்குத் தெரியும் என்பது சின்ன விஷயமில்லை. பட்டியலுக்கு வெளியே ஆள் வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கூடுதல் கட்டணத்தோடு சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

பிரெஞ்சுக் கல்யாண விருந்துக்கு ஒரு வரிசை உண்டு. சடங்கு முடிந்ததும் 'வேன் தொன்னேர்', நின்றபடி குடித்து, கொறித்துப் பேசுவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவருக்கு 8 முதல் 12 துண்டு தின்பண்டம். பிறகு உட்கார்ந்து முன்னுணவு, முக்கிய உணவு, பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. 8 மணிக்கு உட்கார்ந்தால் இனிப்பு வரும்போது 11:30. இடையில் யாராவது மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரம் போச்சு. பேச்சுகளைப் பரிமாறும் இடைவெளிகளில் வையுங்கள், ஒன்றுக்கு 5 நிமிடம். உரைப் பட்டியலைச் சமையல் தலைவரிடம் முன்கூட்டியே கொடுங்கள். தட்டில் மீன் வைத்த பிறகு பேச ஆரம்பித்தால் ஆறிப்போன மீன்தான். 1671-இல் ஷான்தியி மாளிகையில் மன்னனுக்கு விருந்து. மீன் வந்து சேராது என்று நம்பிய விருந்துப் பொறுப்பாளர் வத்தேல் வாளில் பாய்ந்து உயிரை விட்டார் என்பது அந்த நாட்டுச் சமையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்றைய தலைமைப் பரிமாறுநர் அவ்வளவு தூரம் போக மாட்டார். கூடுதல் நேரப் பில் போடுவார். பரிமாற்றம் அதிகாலை 1 அல்லது 2 மணி வரை என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பணியாளுக்கும் மணிக்கணக்கு. 8 பேர், ஆளுக்கு 50 யூரோ என்றால் ஒரு மணி நேரத் தாமதம் 400 யூரோ. உட்கார்ந்த விருந்துக்கு 10 முதல் 12 பேருக்கு ஒரு பரிமாறுநர் என்பது நல்ல விகிதம். விலை குறைவாகத் தெரியும் மதிப்பீட்டில் இந்த எண்தான் முதலில் குறைந்திருக்கும்.

சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் அகராதியில் முட்டை சைவம். பாலாடைக்கட்டியும் சைவம், அது கன்றின் இரைப்பை நொதியால் உறைந்திருந்தாலும். கொம்த்தே, ரொக்ஃபோர் போன்ற பெயர்பெற்ற வகைகள் அப்படி உறைந்தவைதான். குழம்பின் அடியில் கன்று எலும்புச் சாறு இருக்கலாம், இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். முட்டை, ஜெலட்டின், விலங்கு நொதி, எலும்புச் சாறு எதுவும் கூடாது என்று பொருள் பொருளாக எழுதி, எத்தனை பேருக்கு என்ற எண்ணோடு, ருசி பார்க்கும் நாளிலேயே அந்தத் தட்டையும் கேளுங்கள். ருசி பார்க்கும் நாளில் இறைச்சித் தட்டை மட்டும் பார்த்துவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

மதுவுக்குக் கணக்கு: ஒரு ஷாம்பேன் புட்டியில் 6 கோப்பை. வேன் தொன்னேருக்கு மூவருக்கு ஒரு புட்டி, மேசையில் இருவருக்கு ஒரு புட்டி வைன். குடிக்காதவர்கள் பாதிக்குப் பாதி என்றால் அதையும் பாதியாக்கி, பழச்சாறையும் தண்ணீரையும் கூட்டுங்கள். லுவாரில் கல்யாணம் வைத்துக்கொண்டு ஷாம்பேனேதான் வேண்டும் என்பது பெயருக்காக மட்டும். பக்கத்து ஊர் நுரை வைன்களான வூவ்ரேயும் க்ரேமான் த லுவாரும் அதே புட்டி நொதித்தல் முறையில் செய்தவை, விலை கணிசமாகக் குறைவு. கோடையில் தலைக்கு ஒரு கிலோ ஐஸ், குறையாமல்.

கேக்குக்குப் பதில் அங்கே க்ரோக்கம்பூஷ்: கிரீம் நிறைத்த சிறு உருண்டைகளைச் சர்க்கரைப் பாகில் ஒட்டிக் கட்டிய கோபுரம். ஒருவருக்கு 3 உருண்டை கணக்கு. பாகு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புழுக்கமான இரவில் சில மணி நேரத்தில் இளகி, கோபுரம் சாயும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் அதே ஈரம். பரிமாறும் இடத்திலேயே, கடைசி நேரத்தில் கட்டச் சொல்ல வேண்டும்.

சத்தம், நெருப்பு

கிராமத்தில் இரவு 10 மணிக்குத் தவளையும் ஆந்தையும்தான் பேசும். பிரெஞ்சு விதி சத்தத்தின் அளவை மட்டும் பார்க்காது. அந்தச் சூழலின் இயல்பான ஒலியைவிட எவ்வளவு கூடுகிறது என்றும் பார்க்கும். பகலில் 5 டெசிபல், இரவு 10 முதல் காலை 7 வரை 3 டெசிபல் கூடினாலே அண்டை வீட்டார் புகார் செய்யலாம். அமைதி அதிகமான இடத்தில் இந்த வரம்பை மீறுவது அவ்வளவு சுலபம். ஆகவே பல ஷாத்தோக்களில் ஒலிக் கட்டுப்படுத்தி இருக்கும்: எல்லை தாண்டினால் முதலில் விளக்கு எரிந்து எச்சரிக்கும், பிறகு டிஜேயின் மின்சாரத்தையே துண்டிக்கும். எத்தனை டெசிபலில் வைத்திருக்கிறார்கள், எத்தனை மணி வரை ஆடலாம், சன்னல்கள் திறந்திருக்கலாமா என்பது டிஜேவுக்கு எழுத்தில் போக வேண்டும். தவில், நாதஸ்வரம் போல மின்சாரமே தேவைப்படாத வாத்தியத்தை அந்தக் கருவி நிறுத்தாது, போலீஸ் நிறுத்தும். அவற்றைப் பகலில் முடித்துவிடுங்கள்.

இசைக்குழுவை ஒரு நிறுவனம் வழியாக எடுத்துப் பில் வாங்கினால் பிரச்சினையில்லை. கலைஞர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால், சட்டப்படி நீங்கள்தான் அன்றைக்கு அவர்களின் முதலாளி. 'கியூசோ' என்ற அரசு வழி மூலம் அறிவித்துச் சமூகப் பாதுகாப்புப் பங்கைக் கட்ட வேண்டும்.

மெழுகுவர்த்தி, தீப்பந்தம், ஹோம குண்டம் எதுவானாலும் ஒரே சட்டத்துக்குள் வரும்: காட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உரிமையாளர் அல்லாதவர் நெருப்பு மூட்டக் கூடாது. உரிமையாளரின் எழுத்து அனுமதி முதல் படி. ப்ரோவான்ஸ் போன்ற தென்பகுதிகளில் கோடையில் ப்ரெஃபே எனப்படும் அரசின் மாவட்டப் பிரதிநிதியின் ஆணையால் உரிமையாளருக்கே தடை இருக்கும், காற்று பலமாக வீசும் நாளில் இன்னும் கடுமை. பெரிய வாணவேடிக்கைக்குத் தகுதிச் சான்று பெற்ற வல்லுநர் வேண்டும். ஒரு மாதம் முன்பே மேரிக்கும், ப்ரெஃபேயின் அலுவலகமான ப்ரெஃபெக்தூருக்கும் அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகும் வறட்சி ஆணை வந்தால் நின்றுபோகும். அப்படி நின்றால் பணம் திரும்புமா என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள்.

டிரோன் பற்றி ஒரு வரி: லுவார் கரையில் ஷினோன் உட்பட அணுமின் நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் மேலும் சுற்றிலும் பறக்கத் தடை. அரசின் டிரோன் வரைபடத்தில் ஷாத்தோவின் இடத்தைப் பார்த்துவிட்டுப் படக்காரரோடு பேசுங்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் பறப்பது எங்குமே கூடாது.

வந்து சேர்வது

ஷெங்கன் விசா தேவைப்படும் விருந்தினர் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. முடிவுக்கு 15 நாள் என்பார்கள், 45 வரை இழுக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. சறுக்கும் இடம் வேறு: கல்யாணத்துக்கு மூன்று நாள், அப்படியே சுவிட்சர்லாந்தில் ஆறு நாள் என்று திட்டமிடும் உறவினர், பிரெஞ்சுத் தூதரகத்தில் விண்ணப்பித்தால் நிராகரிப்பு வரலாம். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று தங்குமிடச் சான்று. ஷாத்தோ முழுவதும் மணமகன் பெயரில் பதிவாகியிருக்கும்; விருந்தினர் கையில் எதுவும் இருக்காது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், எந்தெந்த இரவு, முகவரி மூன்றும் போட்ட கடிதத்தை ஷாத்தோவின் கடிதத்தாளில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாங்கி அனுப்புங்கள்.

ஷாத்தோவில் முப்பது பேர் தூங்கலாம் என்றால் மீதிப் பேர் சுற்றுவட்டாரத்தில். ஷாம்ப்ர் தோத் எனப்படும் வீட்டுத் தங்கலில் சட்டப்படி 5 அறை, 15 பேர்தான் அதிகபட்சம். எழுபது பேரைச் சேர்க்க ஐந்தாறு ஊர்களில் சிதற வேண்டிவரும். நள்ளிரவு 2 மணிக்கு அங்கே டாக்சி கிடைக்காது. குடித்துவிட்டு ஓட்டவும் முடியாது, வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். பேருந்துதான் வழி. ஆனால் பிற்பகல் 3 மணிக்குக் கூட்டி வந்த ஓட்டுநரே விடிகாலை 4 மணிக்குத் திருப்பிக் கொண்டுவிடுவார் என்று எண்ணாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் 11 மணி நேர ஓய்வு பொதுவிதி. இரண்டாவது ஓட்டுநருக்கும் சேர்த்து விலை கேளுங்கள். 11:30, 1:30, 3:30 என்று மூன்று நடை வைத்தால் முதியவர்களும் குழந்தைகளும் முதல் நடையில் போய்விடுவார்கள்.

பாரிஸிலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் 2 மணி 5 நிமிடம், தூர் பக்கத்து சேன்-பியேர்-தே-கோருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். தொர்தோஞ் அழகுதான், ஆனால் ரயிலிலிருந்து இறங்கி இன்னும் நெடுந்தூரம் சாலையில். நூறு பேர் மூன்று கண்டங்களிலிருந்து வருகிறார்கள் என்றால் லுவாரே சுலபம்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கிராமத்துக் கடைகள் திறந்திருப்பது அபூர்வம். பால், ரொட்டி, குழந்தை டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். அவசர மருந்துக்கு 3237-ஐ அழைத்தால் எந்த மருந்தகம் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். உயிராபத்து என்றால் 15 அல்லது 112. இந்த எண்களையும் ஷாத்தோவின் சரியான முகவரியையும் ஒவ்வொரு அறைக் கதவின் உட்பக்கமும் மாட்டிவிடலாம், ஆணி அடிக்காமல்.

கடைசி வேலை ஞாயிறு காலையோ திங்கள் காலையோ வரும். சாவி ஒப்படைக்கும் முன் உரிமையாளரோடு அறை அறையாகச் சுற்றிச் சேதக் குறிப்பு எழுதுவார்கள். உள்ளே நுழைந்த வெள்ளியன்றும் அதே சுற்றைப் போய், ஏற்கெனவே உடைந்த நாற்காலிக் கால், கறை படிந்த கம்பளம் எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டிருந்தால்தான் இந்தக் குறிப்புக்கு எதிராகப் பேச முடியும். காலிப் புட்டிகள் கண்ணாடித் தொட்டிக்குப் போக வேண்டும், முந்நூறு புட்டி என்றால் காரில் நான்கு நடை. சமையல்காரர் தன் குப்பையைத் தானே எடுத்துப் போவாரா, விட்டுப் போவாரா என்பதை முன்பே கேட்காவிட்டால், காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டிய வீட்டின் பின்வாசலில் நாற்பது கறுப்புப் பைகளோடு மாப்பிள்ளையின் தம்பி நின்றுகொண்டிருப்பார்.